தசை வளர்ச்சியும் முயற்சியின் எல்லையும்: நெல் மூட்டை, இளவட்டக்கல், பார்பெல்

எடைப்பயிற்சியால் தசை பருக்க வேண்டுமெனில், ஒவ்வொரு செட்டையும், அதாவது இடையில் ஓயாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுத் தூக்கல்களை, இனி ஒரு தடவைகூட முடியாது என்னும் நிலைவரை கொண்டுசெல்ல வேண்டும் என்பது உடற்பயிற்சிக் கூடங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் விதியாகும். அந்த எல்லையை நெருங்காத பயிற்சியால் தசை அதிகம் வளர்வதில்லை என்ற அளவில் இவ்விதி சரியே. ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டாக வேண்டும் என்பதற்குத்தான் போதிய சான்று இல்லை.

நெருங்குவதன் தேவையை உணரக் காவிரிக் கடைமடையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முத்துப்பேட்டை வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்து, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் இயங்கும் நாள்களில், சுமைதூக்கும் தொழிலாளர் 40 கிலோ நெல் அடங்கிய சிப்பங்களைத் தராசிலிருந்து அட்டிக்கும் அட்டியிலிருந்து லாரிக்கும் ஏற்றுகின்றனர். இருவர் சாக்கின் முனைகளைப் பிடித்து உயர்த்த, மூன்றாமவர் முழங்காலைச் சற்றே மடக்கிப் பிடரியில் வாங்கி நிமிர்கிறார்; அந்த நிமிர்தலில் தொடையும் முதுகும் ஏற்கும் பளு சிறிதன்று. ஆயினும் பொழுது சாயும்வரை வரும் சிப்பங்களுக்கெல்லாம் உடலைக் காத்து வைத்திருக்க வேண்டியிருப்பதால், எந்த ஒரு தூக்கலிலும் அவர் தம் எல்லைக்கு அருகே செல்வதில்லை. தொழிலுக்குப் புதியவருக்குத் தொடக்கத்தில் தசை திரள்வதும், பின்னர் சுமை மாறாத நிலையில் அவ்வளர்ச்சி தளர்ந்து தாங்குதிறன் மட்டும் கூடுவதும் இதனால் எதிர்பார்க்கத்தக்கவையே. அவ்வுழைப்புக்கு ஈடான புரதமும் ஓய்வும் அவர் பெறும் கூலியில் கிடைக்கின்றனவா என்பதும் இதனோடு சேர்த்தே கேட்க வேண்டிய கேள்வி. அதை ஒதுக்கிவிட்டு உடலைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது.

தசை வளர எல்லையை நெருங்க வேண்டியிருப்பதன் காரணம் நரம்பியலில் இருக்கிறது. ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசை இழைகளும் சேர்ந்தது இயக்க அலகு எனப்படும். சிறிய அலகுகள் முதலிலும், பெரியவை தேவை கூடும்போது மட்டுமே பின்னரும் பணிக்கு அழைக்கப்படுகின்றன என்பதை 1965இல் எல்வுட் ஹென்னமன் குழுவினரின் ஆய்வுகள் நிறுவின. மிகவும் பருக்கக்கூடிய இழைகள் பெரிய அலகுகளைச் சார்ந்தவை. பளு கனமாக இருந்தால் அவை தொடக்கத்திலேயே இயங்கும். இலேசாக இருந்தால் சிறியவை களைத்த பிறகே, செட்டின் இறுதித் தடவைகளில்தான், முழு இழுவிசையை ஏற்கும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு இதற்குப் பொருந்துகிறது: ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் 30 விழுக்காட்டையும் 80 விழுக்காட்டையும் இயலா நிலைவரை தூக்கியவர்களுக்குத் தொடைத்தசை ஏறத்தாழ ஒரே அளவில் வளர்ந்தது, உச்ச எடையைத் தூக்கும் வலிமையோ கனமான பளுவைத் தூக்கியவர்களுக்கே மிகுதியாகக் கூடியது.

வலிமையும் பருமனும் ஒன்றல்ல என்பது இங்கு முக்கியம். தென்மாவட்ட ஊர்களில் இளைஞர் தூக்கிக் காட்டும் இளவட்டக்கல் ஒரே ஒரு தூக்கலில் வலிமையைச் சோதிப்பது. அதைத் தசை வளர்க்கும் முறையாகக் கொள்ள முடியாது. 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கத்தின் துறையான பளுதூக்குதலிலும், களைப்பு மிகுந்தால் நுட்பம் குலைந்துவிடும் என்பதால், ஸ்னாட்ச் போன்ற தூக்கல்களை ஓய்ந்து விழும்வரை எவரும் செய்வதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான ஒரு பகுப்பாய்வும் இவ்வேறுபாட்டையே காட்டியது: செட் எல்லையை நெருங்க நெருங்கத் தசை வளர்ச்சி கூடியது, வலிமை வளர்ச்சி அந்த நெருக்கத்தைச் சார்ந்திருக்கவில்லை.

நெருங்குவது நன்றென்றால் தொடுவது மேலும் நன்றன்றோ என்ற வினா எழும். அதே ஆண்டில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்றவர்கள் ஒரு காலால் இயலா நிலைவரையும், மறு காலால் ஒன்று அல்லது இரண்டு தடவை மிச்சம் வைத்தும் 8 வாரம் பயின்றனர். இரு தொடைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் வளர்ந்தன. எல்லையைத் தொடுவதால் களைப்பு மட்டும் பெருகி, அடுத்த செட்டுகளில் தூக்கும் தடவைகள் குறைகின்றன. ஆகவே ஒன்று முதல் மூன்று தடவை மிச்சமிருக்கும்போது நிறுத்துவதே பெரும்பாலோர்க்குத் தக்கது.

இக்கருத்துக்கு எதிரான வலுவான மறுப்பு ஒன்றே: தமக்கு எத்தனை தடவை மிச்சம் என்பதைப் பயில்வோர் சரியாகக் கணிப்பதில்லை. தம்மால் முடிவதைக் குறைத்தே மதிப்பிடும் போக்கு ஆய்வுகளில் தெரிகிறது. மூன்று மிச்சம் என நிறுத்துபவருக்கு ஐந்தோ ஆறோ மிச்சமிருக்கக்கூடும். இம்மறுப்பு ஏற்கத்தக்கது. அதற்குத் தீர்வு, டம்பெல்லால் கையை மடக்குவது போன்ற ஆபத்தற்ற பயிற்சிகளில் எப்போதாவது எல்லையைத் தொட்டுப் பார்த்துக் கணிப்பைத் திருத்திக்கொள்வதே. பின்னால் பிடிக்க ஆளில்லாத பெஞ்ச் பிரஸ்ஸிலோ கனத்த ஸ்குவாட்டிலோ அதைச் செய்யலாகாது. புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே ஓய வைப்பது தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும் நிலைக்கும் இட்டுச்செல்லக்கூடும்.

சிற்றூர் ஜிம்களில் பயிற்சி அட்டையில் எடையும் தடவையும் மட்டுமே குறிக்கப்படுகின்றன. செட் முடிந்தபோது எத்தனை தடவை மிச்சமிருந்தது என்பதற்கும் ஒரு கட்டத்தைப் பயிற்சியாளர்கள் அதில் சேர்க்க வேண்டும்.