ஹாலோ: ரசிகர்கள் வெறுத்த வளையம் உயிர் காக்கும் கவசமானது எப்படி?

ஃபார்முலா 1 கார்களில் ஓட்டுநரின் தலையைச் சுற்றி அமைந்துள்ள 'ஹாலோ' பாதுகாப்பு வளையம், 2018-ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. அறிமுகமானபோது ரசிகர்களின் கடும் அதிருப்திக்கு ஆளான இந்த வடிவமைப்பு, பின்னர் பல வீரர்களின் உயிரைக் காத்தது.

ஹாலோ என்றால் என்ன?

டைட்டானியத்தால் ஆன இச்சட்டகத்தின் எடை சுமார் 7 கிலோ. ஓட்டுநருக்கு முன்னே ஒரு தூணும், பின்னே இருபுறமும் பிடிமானங்களும் கொண்டது. ஏறத்தாழ 12 டன் எடைக்கு நிகரான விசையைத் தாங்கவல்லது.

திறந்த அமைப்புடைய பந்தயக் கார்களில் வீரரின் தலைக்குத் தலைக்கவசம் மட்டுமே பாதுகாப்பாக இருந்தது. 2009-இல் பிரிட்டனின் பிராண்ட்ஸ் ஹேட்ச் களத்தில் நடைபெற்ற ஃபார்முலா 2 பந்தயத்தில், மற்றொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் மோதியதில் 18 வயது வீரர் ஹென்றி சர்ட்டீஸ் உயிரிழந்தார். இத்தகைய விபத்துகளே மாற்றத்துக்கு வழிவகுத்தன.

எதிர்ப்பு ஏன்?

2016 மார்ச்சில் பார்சிலோனா சோதனை ஓட்டத்தில் கிமி ரைக்கோனனின் ஃபெராரி கார் ஹாலோவுடன் களமிறங்கியது. அது ரப்பர் செருப்பின் வார்போல் இருப்பதாக ரசிகர்கள் கேலி செய்தனர். காரின் அழகு கெடுகிறது, வீரரின் முகமும் தலைக்கவசமும் மறைகின்றன, ஆபத்தை எதிர்கொள்ளும் மரபு குலைகிறது என்பன அவர்களது வாதங்கள். ரம்பம் கிடைத்தால் அதை அறுத்து எறிந்துவிடுவேன் என்று மெர்சிடிஸ் அணியின் தலைவர் டோட்டோ வோல்ஃப்பும் கூறினார்.

கருத்தை மாற்றிய விபத்து

2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைன் பந்தயத்தில், மணிக்கு 192 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதிய ரோமன் குரோஜானின் கார் இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. தடுப்பின் இரும்புப் பட்டைகள் தலையைத் தாக்காமல் ஹாலோ தடுத்தது. 27 விநாடிகளில் அவர் தீக்காயங்களுடன் வெளியேறினார். முன்பு ஹாலோவை எதிர்த்த அவரே, அதுவின்றித் தான் உயிருடன் இருந்திருக்க முடியாது என்று மருத்துவமனையிலிருந்து தெரிவித்தார்.

2021-இல் மோன்சாவில் லூயிஸ் ஹாமில்டனின் கார் மீது மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் கார் ஏறியபோதும், 2022-இல் சில்வர்ஸ்டோனில் சோ குவான்யூவின் கார் கவிழ்ந்து சறுக்கியபோதும் ஹாலோ காவலாக நின்றது.

இன்று ஃபார்முலா 2, ஃபார்முலா 3 கார்களிலும் ஹாலோ இடம்பெற்றுள்ளது. 2024-இல் சென்னைத் தீவுத்திடல் பகுதியில் நடைபெற்ற சாலைப் பந்தயத்தில் ஓடிய ஃபார்முலா 4 கார்களிலும் இந்த வளையம் இருந்தது.