எலியேசரின் மாறாக் கணியம்

பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசரை (1918–2001) ஆஸ்திரேலியத் தமிழர் ஒரு சமூகத் தலைவராகவே நினைவுகூர்வர். அவர் கணித அறிஞர் என்பதும் பலர் அறிந்ததே. ஆனால் அவர் எதைக் கண்டறிந்தார் என்று வினவினால், 'டிராக்கின் மாணவர்' என்ற அளவில் பேச்சு நின்றுவிடும். பட்டத்தைப் போற்றிப் பணியை மறப்பது எம்மவர் வழக்கம்.

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் கற்றவர், பின்னர் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தார். கதிர்வீசும் இலத்திரன்மீது செயற்படும் எதிர்விசையையும் சேர்த்து, டிராக் 1938இல் ஒரு சமன்பாடு அமைத்திருந்தார். ஐதரசன் அணுவின் மையத்தை நோக்கி நேராக விழும் இலத்திரனுக்கு அதைப் பயன்படுத்திய எலியேசர், அவ்விலத்திரன் மையத்தை அடையாமலே திரும்பி விலகியோடும் என்று 1943இல் நிறுவினார். ஈர்க்கப்படும் பொருள் விலகியோடுவதாவது! ஆசிரியரின் சமன்பாட்டிலிருந்த இடறலை மாணவரே வெளிக்கொணர்ந்தார்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் கணிதப் பேராசிரியராக இருந்த காலத்தில்தான் 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டமும் 1958ஆம் ஆண்டின் இனக்கலவரமும் வந்தன. 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கும், 1968இல் மெல்பேணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். நாடு இழந்தவை எவை என்று கணக்கிடுவோர் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

என்னை அதிகம் கவர்வது, ஏ. கிரே என்பவருடன் 1976இல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரை. சுருள்வில்லில் ஆடும் திணிவொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வில்லின் விறைப்பு நேரத்தோடு மாறினால் அத்திணிவின் சக்தி நிலைத்திராது. ஆயினும் வேறொரு கணியம் மாறாதிருக்கும். ரஷ்யரான எர்மக்கோவ் 1880இலேயே கண்ட இதனை 1967இல் லூயிஸ் மீட்டெடுத்தார். அதன் பொருள் என்ன? கோட்டில் நிகழும் ஆட்டத்தை, ஒரு தளத்தில் சுழலும் இயக்கத்தின் நிழலாகக் கொள்ளுங்கள் என்றனர் எலியேசரும் கிரேயும். அவ்வாறு கொண்டால், மாறாத அக்கணியம் அத்தளத்து இயக்கத்தின் கோண உந்தத்தோடு தொடர்புடையது என்பது புலனாகும். எவ்வளவு எளிமை!

மாறாதவை எவை என்ற இவ்வினா ஒற்றைத் திணிவோடு முடிவதில்லை. அதே 1967இல் யப்பானியரான மொரிக்காசு டோடா, அடுக்குக்குறி விதியில் ஒன்றையொன்று தள்ளும் துணிக்கைகளின் சங்கிலியொன்றை அமைத்தார். அதில் எத்தனை துணிக்கைகளோ அத்தனை மாறாக் கணியங்கள் உண்டென்று 1974இல் எனோனும் பிளாஷ்காவும் காட்டினர். சாதாரண நீரின் ஓட்டத்தை விவரிக்கத் திணிவு, உந்தம், சக்தி ஆகிய மூன்றின் காப்பே போதும். இச்சங்கிலிக்கு அது போதாது. வெவ்வேறு அழுத்தத்திலுள்ள இரு பாதிகளை இணைத்துச் சமநிலை குலைத்து விட்டால், எல்லாக் கணியங்களின் ஓட்டத்தையும் ஒருங்கே எழுத வேண்டும். டோயோனும் ஸ்போனும் டோடா சங்கிலிக்கு அதை எழுதியது 2019ஆம் ஆண்டளவில்தான்.

எலியேசர் இச்சங்கிலியின் ஓட்டத்தைக் காண இருக்கவில்லை. 2016இல் பெங்களூரின் அபிஷேக் தர், அரித்ரா குண்டு இருவரும் அதன் சமநிலை அதிர்வுகளைக் கணினியில் ஆராய்ந்தபோது, குழப்பம் மெல்லக் கசிந்து பரவாமல், காலத்திற்கு நேர்விகிதமான தூரம் விரைந்து சென்றதைக் கண்டனர்.