பாலர் கூடங்களைத் தாங்கியோர்: ஒரு வரலாற்றுப் பார்வை



மழலையருக்கென ஒரு வகுப்பைத் தொடங்க எண்ணும்போதெல்லாம் ஊர்க்கூட்டங்களில் முதலில் எழும் பேச்சு இடத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஓட்டுக் கூரையா, கான்கிரீட்டா, எத்தனை மின்விசிறி, செலவை ஏற்பவர் யார் என்று நெடுநேரம் ஆலோசிப்போம். பிள்ளைகளோடு நாள்தோறும் அமரப்போகிறவர் யார், அவருக்குத் துணை நிற்பவர் யார் என்னும் கேள்வி கடைசியில்தான் வரும். அதுவே முதற்கேள்வியாக இருக்கவேண்டும் என்பதை வரலாறு நமக்குப் பலமுறை உணர்த்தியிருக்கிறது. அவற்றுள் மூன்றை இங்கே நினைவுகூர்கிறோம்.

கைரவான் தந்த ஒழுங்கு

இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரில் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்). கி.பி. 870-இல் மறைந்த இந்த மாலிக்கீ மத்ஹபு அறிஞர், சிறுவர்க்குக் குர்ஆனும் எழுத்தும் கற்பித்த ‘குத்தாப்’ என்னும் பள்ளிகளை எவ்வாறு நடத்துவது என்பது பற்றி ‘ஆதாபுல் முஅல்லிமீன்’ என்றொரு சிறுநூல் யாத்தார். தம் தந்தையாரான இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்களிடம் கேட்டறிந்த விடைகளை அதில் நிரம்பப் பதிவு செய்துள்ளார்.

செல்வர் பிள்ளையையும் வறியவர் பிள்ளையையும் ஆசிரியர் சமமாக நடத்தவேண்டும். பிள்ளைகளைத் தம் சொந்த வேலைக்கு ஏவக்கூடாது. கண்டிக்க நேர்ந்தால் மூன்று அடிக்கு மேல் போகக்கூடாது. (இன்றோ, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் அடிப்பதையே முற்றாகத் தடுத்துவிட்டது.) இவற்றையெல்லாம்விட நம்மைத் திகைக்க வைப்பது வேறொரு விதி. வகுப்பு நேரத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆசிரியர் ஜனாஸாத் தொழுகைக்குச் செல்வதைக்கூட, அவர்மீது தவிர்க்க முடியாத கடமையாக இருந்தாலன்றி, அந்நூல் அனுமதிக்கவில்லை. அவர் கூலி பெற்று அமர்ந்தவர். அந்த நேரம் பிள்ளைகளுக்கு உரியது என்பதே காரணம்.

இதனைப் படித்தபோது நாம் தலைகுனிந்தோம். ஓதிக் கொடுக்கத் தொடங்கிய காலத்தில், நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருந்த மக்தபைப் பெரிய பிள்ளை ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டுப் பலமுறை வெளியே சென்றிருக்கிறோம். ஊர் வேலைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். அந்தப் பிள்ளைகளின் இழந்த நேரத்தை எவரும் நம்மிடம் கேட்கவில்லை. கேட்பதற்கென ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை.

பத்துப் பேருக்கு ஒரு துணை

இனி, நம் காலத்திற்கும் நம் ஊர் எல்லைக்கும் அருகே வருவோம். 1975 அக்டோபர் 2-இல் நாடெங்கும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கன்வாடி என்னும் சொல் அதனோடுதான் பரவியது. 1980-இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் முதலில் செயல்பட்டு, பின்னர் அஞ்சுகிராமத்தை அடுத்துள்ள திருநெல்வேலி உட்பட ஆறு மாவட்டங்களுக்குப் பரவியது.

இத்திட்டத்தின் வெற்றி உணவில் மட்டும் இருக்கவில்லை; நிர்வாகத்தில் இருந்தது. அந்தந்த ஊர்ப் பெண்ணே பணியாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் பிள்ளைகளை நலமாக வளர்த்த தாய்க்கு முன்னுரிமை தரப்பட்டது. அவருக்கு இடப்பட்ட வேலைகள் சில, ஆனால் தெளிவானவை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடைபார்த்து அட்டையில் குறிக்கவேண்டும். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சத்துருண்டை வழங்கவேண்டும், தேறியதும் நிறுத்தவேண்டும். பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவர் தவறு கண்டுபிடிக்க மட்டும் வருபவர் அல்லர், உடனமர்ந்து கற்றுக்கொடுப்பவர். மையத்தின் கணக்கு ஊரார் காணப் பலகையில் எழுதப்பட்டது. கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தணிந்ததாக மதிப்பீடுகள் கூறின.

குறைகளும் இல்லாமலில்லை. உடல் வளர்ந்ததே தவிர, பேச்சும் பாட்டும் விளையாட்டும் வழியான கல்விக்கு அதில் இடமில்லை. 1990-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில்தான் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளும் முன்பருவக் கல்வியும் சேர்க்கப்பட்டன. நாடெங்கும் அங்கன்வாடிப் பணியாளர்களோ ஊதியம் பெறுபவராகக் கருதப்படாமல், ‘மதிப்பூதியம்’ பெறுபவராகவே இருந்துவந்தனர். அவர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஏப்ரலில். திட்டம் பிறந்து அப்போது 46 ஆண்டுகள் கடந்திருந்தன!

இடமிருந்தும் ஆளில்லை

மூன்றாவது நிகழ்ச்சி அண்மையது. 2019-இல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. ஏழைப் பெற்றோர் மகிழ்ந்தனர். கட்டடம் இருந்தது, பிள்ளைகளும் வந்தனர். ஆனால் அனுப்பப்பட்டவர்கள், தொடக்கப் பள்ளிகளில் உபரியெனக் கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள். மழலையர் கல்வி அவர்கள் பயின்ற துறையன்று. அவர்களுள் பலர் அதனை எதிர்த்தனர். 2022-இல் அவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குத் திரும்ப அழைக்கப்பட்டபோது, வகுப்புகளே நின்றுவிடுமோ என்ற நிலை எழுந்தது. பின்னரே சிறப்பாசிரியர்களைக் கொண்டு அவை தொடரும் என்று அரசு அறிவித்தது.

நாம் பெறும் பாடம்

நூற்றாண்டுகள் பல இடைப்பட்டிருந்தும் இம்மூன்றும் உணர்த்துவது ஒன்றே. பாலர் கூடம் அதில் அமர்ந்திருக்கும் ஒருவரால் நிற்கிறது. அவரோ தமக்குப் பின்னால் நிற்பவர்களால் நிற்கிறார்.

ஆகவே, மழலையர் வகுப்பை நடத்த முன்வரும் எந்த ஜமாஅத்தும் செங்கல் வாங்குமுன் சிலவற்றை முடிவு செய்துகொள்ளட்டும். பிள்ளைகளின் மொழியும் வீடும் அறிந்த ஒரு பெண்மணியைத் தேர்ந்து, முறையான பயிற்சிக்கு அனுப்பட்டும். அவர் செய்யவேண்டியவை எவை, செய்யவேண்டாதவை எவை என எழுதிக் கொடுக்கட்டும். நிர்வாகத்தில் ஒருவர் வாரம் ஒருமுறையேனும் சென்று, குறை கேட்கும் முன் தேவை கேட்கட்டும். வருகையும் வரவுசெலவும் மாதந்தோறும் பலகையில் எழுதப்படட்டும். ஊதியம் நன்கொடை வரும் வரை காத்திராமல் குறித்த நாளில் சென்று சேரட்டும்.

கூலியாளின் வியர்வை உலருமுன் அவருக்குரியதைக் கொடுத்துவிடுங்கள் என்பது நபிமொழி. மழலையரோடு நாள் முழுதும் பேசிக் களைத்துப்போகும் ஒருவருக்கும் அது பொருந்தும் என்பதை நாம் மறவாதிருப்போமாக. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும், அவர்களைப் பேணுவோரையும் காத்தருள்வானாக. ஆமீன்.