வடிவமைப்பாளர் இல்லாமல் வலைப்பதிவு: வார்ப்புருவின் வரலாறு

எழுதியவரின் சொற்கள் பக்கத்தில் எந்த இடத்தில், எந்த அளவில், எந்த நிறத்தில் தோன்ற வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கும் அமைப்புக்கு வார்ப்புரு என்று பெயர். பதிவர்கள் பேச்சில் அது டெம்ப்ளேட். இன்று கல்லூரி மாணவர் ஒருவர் அரை மணி நேரத்தில் காசு செலவில்லாமல் அழகான வலைப்பதிவு ஒன்றைத் தொடங்கிவிட முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த வார்ப்புருதான். கணினி வேகமானதாலோ இணையம் மலிவானதாலோ மட்டும் இது கைகூடவில்லை. எழுத்தையும் தோற்றத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம் என்ற எண்ணம் நிலைபெறப் பத்தாண்டுகள் ஆயின. தமிழில் எழுதியவர்களுக்கோ அதன் பிறகும் தனியாக ஒரு வேலை காத்திருந்தது.

மூலத்தைப் பார்த்துப் படித்த காலம்

டிம் பெர்னர்ஸ் லீ 1990இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிப்பதற்கு மட்டுமன்றி எழுதித் திருத்துவதற்கும் உரிய கருவியாக இருந்தது. படிப்பவர் எல்லாரும் எழுதவும் வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால் 1993இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய மொசைக் உலாவியில் அந்த எழுதும் வசதி இல்லை. அன்று முதல் வலையில் படிப்பவர் ஒரு சாதி, பக்கம் கட்டுபவர் வேறொரு சாதி என்று ஆயிற்று.

இருந்தும் ஒரு சன்னல் திறந்தே இருந்தது. எந்தப் பக்கத்தின் மூல நிரலையும் உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். பிடித்த பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, படியெடுத்து, பெயரையும் நிறத்தையும் மாற்றிப் பலர் தங்கள் பக்கத்தை அமைத்தார்கள். எச்டிஎம்எல் கற்ற முதல் தலைமுறையில் பெரும்பாலோர் கற்றது இப்படித்தான். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதும் முறைதான் இது. அன்று யாரும் இதைக் குற்றமாகக் கருதவில்லை.

பக்கத்தை வைக்க இடம் வேண்டுமே! அதைக் கொடுத்தது 1994இல் அமெரிக்காவில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் ஆகியோர் தொடங்கிய நிறுவனம். பின்னர் அதன் பெயர் ஜியோசிட்டீஸ் ஆனது. தளத்தை அவர்கள் ஒரு நகரம் போலப் பேட்டைகளாகப் பிரித்திருந்தார்கள். திரைப்பட ஆர்வலருக்கு ஹாலிவுட், கணினிக்காரருக்கு சிலிக்கான்வேலி, தத்துவமும் கல்வியும் பேசுவோருக்கு ஏதென்ஸ். ஒவ்வொருவருக்கும் அந்தப் பேட்டையில் கதவு எண் போல ஓர் எண். மின்னும் விண்மீன்கள், அசையும் படங்கள், கண்ணைப் பறிக்கும் பின்னணி என்று அந்தப் பக்கங்கள் இருந்தன. தொழில்முறை வடிவமைப்பாளர்கள் சிரித்தார்கள். ஆனால் தனக்கென்று ஒரு முகவரி பெற்று, தன் கையால் கட்டிய பக்கத்தை உலகம் பார்க்கும்படி வைத்த முதல் எளிய மனிதர்கள் அவர்கள்தாம். 1999இல் யாகூ அந்நிறுவனத்தை 350 கோடி டாலருக்கும் மேலான மதிப்பில் வாங்கியது.

வடிவமைப்பாளர் ஏன் தேவைப்பட்டார்

தொண்ணூறுகளில் பக்கத்தை அழகாக்கும் வழி குறுக்குவழியாகவே இருந்தது. எச்டிஎம்எல் கட்டுரைகளுக்காக உருவான மொழி. அதில் பத்தி உண்டு, தலைப்பு உண்டு, பட்டியல் உண்டு. ஒரு படத்தை இடப்பக்கத்தில் இத்தனை புள்ளி தள்ளி நிறுத்து என்று சொல்ல வழியில்லை. எனவே எண்களை இடுவதற்காக ஏற்பட்ட அட்டவணையைக் கண்ணுக்குத் தெரியாத சட்டமாக்கி, அதன் கட்டங்களுக்குள் எழுத்தையும் படத்தையும் பொருத்தினார்கள். கட்டம் சுருங்காமல் இருக்க ஒரே புள்ளி அளவுள்ள, நிறமற்ற படத்தை இழுத்து நீட்டி முட்டுக்கொடுத்தார்கள். டேவிட் சீகல் 1996இல் எழுதிய வலை வடிவமைப்பு நூல் இந்த உத்தியை ஊரறியச் செய்தது.

இதனால் ஒரு பக்கத்தின் எழுத்தும் தோற்றமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. ஐம்பது பக்கம் உள்ள தளத்தில் தலைப்பின் நிறத்தை மாற்ற ஐம்பது கோப்புகளையும் திறக்க வேண்டும். ஓர் அட்டவணைக்குள் இன்னோர் அட்டவணை, அதற்குள் மற்றொன்று என்று இருக்கும் நிரலில் கட்டியவரைத் தவிர வேறு எவரும் கைவைக்கப் பயந்தார்கள். வடிவமைப்பாளருக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி கலைநயத்துக்காக அல்ல, இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தெரிந்ததற்காகவே என்று சொன்னால் தவறாகாது.

சிக்கலுக்குத் தீர்வு முன்பே எழுதப்பட்டிருந்தது. நார்வேயைச் சேர்ந்த ஹோகன் வியும் லீ 1994 அக்டோபரில் தோற்ற விதிகளைத் தனித் தாளில் எழுதும் முறையை முன்மொழிந்தார். அதுவே சிஎஸ்எஸ். 1996 டிசம்பரில் அது தரமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் உலாவிகள் அதை ஒழுங்காகப் பின்பற்ற மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

அச்சுக்கூடத்தின் பெயரைத் தாங்கிய மென்பொருள்

1999 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோவில் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் பிளாகரை வெளியிட்டது. அதன் நிறுவனர்கள் இவான் வில்லியம்ஸ், மெக் ஹூரிஹன். பிளாகர் செய்தது எளிய காரியம். பக்கத்தின் சட்டம் ஒரு வார்ப்புருவாக ஒரே ஓர் இடத்தில் இருக்கும். தலைப்பு வரவேண்டிய இடத்திலும் இடுகை வரவேண்டிய இடத்திலும் டாலர் குறிகளுக்கு நடுவே ஒரு சிறு சொல் எழுதப்பட்டிருக்கும். பதிவர் எழுதி வெளியிடும்போது மென்பொருள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அவர் எழுத்தை அங்கே வைக்கும். வார்ப்புருவை ஒருமுறை மாற்றினால் முன்பு எழுதிய நூறு இடுகைகளும் புதுச்சட்டை அணிந்துகொள்ளும்.

2001இல் பென் டிராட், மேனா டிராட் தம்பதியர் வெளியிட்ட மென்பொருளுக்கு மூவபிள் டைப் என்றே பெயர் வைத்தார்கள். அச்சுக்கோக்கும் எழுத்து என்பது அதன் பொருள். 2003 மே மாதம், கைவிடப்பட்டிருந்த பி2 என்ற மென்பொருளை எடுத்து வளர்த்து மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வேர்டுபிரஸ்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். அதன் பெயரிலும் அச்சு இயந்திரம் இருக்கிறது. மறு ஆண்டில் மூவபிள் டைப் உரிமக் கட்டணத்தை மாற்றியபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் பலர் கட்டணமற்ற வேர்டுபிரஸ்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கருவி கிடைத்தது; அழகு எங்கிருந்து வந்தது? இங்கே வடிவமைப்பாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 2003இல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளத்தில் ஒரே எச்டிஎம்எல் பக்கத்தைப் பலர் பல உருவில் காட்டினார்கள். எழுத்து மாறவில்லை, சிஎஸ்எஸ் தாள் மட்டும் மாறியது. பிரிப்பது சாத்தியம், பிரித்தாலும் அழகு கெடாது என்பதற்கு அதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடையாது. 2003 பிப்ரவரியில் பிளாகரை வாங்கிய கூகுள், அடுத்த ஆண்டு மே மாதம் அதைப் புதுப்பித்தபோது டக்ளஸ் போமன், டேவ் ஷே, டான் செடர்ஹோம், ஜெஃப்ரி செல்ட்மன் போன்ற முன்னணி வடிவமைப்பாளர்களைக் கொண்டு வார்ப்புருக்கள் செய்யவைத்தது. போமன் வரைந்த மினிமாவும் ரவுண்டர்ஸும் உலகெங்கும் பரவின. 2005 பிப்ரவரியில் வந்த வேர்டுபிரஸ் 1.5இல் டென்மார்க்கின் மைக்கேல் ஹைலமன் செய்த குப்ரிக் என்ற தோற்றம் சேர்ந்தது. நீலத் தலைப்பட்டையும் வளைந்த மூலைகளும் கொண்ட அதை அக்காலப் பதிவுகளைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெருநிறுவனம் பணம் கொடுத்துப் பெற வேண்டிய வேலைப்பாடு, எழுத வந்த எவருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

தமிழுக்குப் பொருந்தாத சட்டை

தமிழ் வலைப்பதிவுகள் 2003 முதல் பெருகத் தொடங்கின. அதற்கு முன் இணையத்தில் தமிழ் என்றாலே எழுத்துருச் சிக்கல்தான். பத்திரிகைகள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. அதை இறக்கி நிறுவாதவருக்குப் பக்கம் முழுதும் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தெரியும். ஒருங்குறி வந்த பின்னும் விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு அதைப் படிப்பது கடினம். அவர்களுக்காகப் பதிவர்கள் வார்ப்புருவில் சில வரிகளைச் சேர்த்து, இண்டர்நெட் எக்ஸ்புளோரரில் தானாக இறங்கும் இயங்கு எழுத்துருவை இணைத்தார்கள். அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி உருவாக்கி இலவசமாக அளித்த தேனீ எழுத்துரு இதற்குப் பெரிதும் பயன்பட்டது. 2006இல் மறைந்த அவர், வாசகரின் கணினியில் தமிழ் தெரியச் செய்ததற்காக இன்றும் நன்றியுடன் நினைக்கப்படுகிறார்.

வார்ப்புருக்களைச் செய்தவர்கள் யாரும் தமிழை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. அதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை. ஆனால் விளைவைத் தமிழ்ப் பதிவர் அனுபவித்தார். ஆங்கிலத்துக்கு அளவான சிறு எழுத்தில் ணி, ஞ, ஜூ போன்றவை ஒரு கறுப்புப் புள்ளியாகச் சுருங்கின. மேலே இகர வளைவும் கீழே உகரக் கொம்பும் உள்ள எழுத்துகளுக்கு வரியிடைவெளி போதாமல், ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலையைத் தொட்டது. தலைப்பில் எழுத்திடைவெளி கூட்டும் விதி ஆங்கிலத்தில் மிடுக்காக இருக்கும். தமிழில் அது கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிய்த்துப் போட்டது. மினிமாவில் இடுகைக்கு ஒதுக்கிய அகலம் 410 பிக்சல். தமிழின் நீண்ட சொற்கள் அதில் வரிக்கு மூன்று நான்குதான் அமரும். நீளமான ஒரு சொல்லோ இணைய முகவரியோ எல்லையைத் தாண்டினால் போதும், எக்ஸ்புளோரரில் பக்கப்பட்டை மொத்தமும் நழுவிப் பக்கத்தின் அடியில் போய் விழும். வரியின் இருபுறமும் நேராக்கும் விதியை வைத்திருந்தால் அன்றைய பயர்பாக்ஸில் தமிழ் உடைந்து தெரிந்தது. அந்த ஒரு வரியை நீக்குமாறு பதிவருக்குப் பதிவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008இல் பயர்பாக்ஸ் 3 வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

இன்னொரு வேடிக்கை. பிளாகர் இடுகையின் முகவரியைத் தலைப்பிலுள்ள இலத்தீன் எழுத்துகளைக் கொண்டு அமைத்தது. தமிழ்த் தலைப்பில் அப்படி எதுவும் இல்லாததால் எல்லா இடுகைக்கும் பிளாக்போஸ்ட் என்ற ஒரே பெயரும் பின்னால் ஓர் எண்ணுமாக முகவரி அமைந்தது. ஆங்கிலத் தலைப்பில் முதலில் வெளியிட்டு, முகவரி உறுதியான பின் தலைப்பைத் தமிழுக்கு மாற்றுவது பதிவர்கள் கண்ட உபாயம்.

இத்தனையையும் சரிசெய்ய யாரும் வடிவமைப்பாளரைத் தேடிப் போகவில்லை. வார்ப்புருப் பெட்டியைத் தாமே திறந்தார்கள். எழுத்தளவுக்கு எதிரே இருக்கும் எண்ணைக் கூட்டினார்கள், எழுத்திடைவெளி வரியை அழித்தார்கள், ஆறு இலக்க நிற எண்ணை மாற்றிப் பார்த்தார்கள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டிக்கும் இதில் பங்கு உண்டு. திரட்டியின் கருவிப்பட்டை தம் பதிவில் தெரிய வேண்டுமானால் அதன் நிரலை வார்ப்புருவில் உரிய இடத்தில் ஒட்ட வேண்டும். எச்டிஎம்எல் என்ற பெயரையே கேட்டறியாத வங்கி ஊழியரும் இல்லத்தரசியும் இதற்காக முதன்முறை அந்தப் பெட்டிக்குள் நுழைந்தார்கள். ஒரு குறி விடுபட்டால் பக்கம் முழுதும் குலையும். எனவே பழைய வார்ப்புருவை நோட்பேடில் படியெடுத்து வைத்துவிட்டே கைவைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாயிற்று. 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் நடந்த வலைப்பதிவர் பட்டறையில் புதியவர்களுக்குப் பதிவு தொடங்கும் முறையை மற்றப் பதிவர்களே கற்றுக்கொடுத்தார்கள்.

2006இல் பிளாகர் இழுத்து நகர்த்தி அமைக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2010இல் பின்னணியையும் நிறத்தையும் சொடுக்கியே மாற்றும் வடிவமைப்பான் வந்தது. இப்போது இலவசத் தமிழ் எழுத்துருக்களும் பல உள்ளன. காட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை முதலியவற்றைக் கூகுளின் எழுத்துருக் களஞ்சியத்திலிருந்து ஒரே வரியில் இணைக்கலாம். நிரலைத் தொட வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

இரவல் செங்கல்

தானே கட்டிக்கொண்ட வீட்டின் செங்கற்கள் பல இரவலாக இருந்தன. 2004 வரை பிளாகரில் பின்னூட்ட வசதி கிடையாது. பதிவர்கள் ஹாலோஸ்கேன் என்ற வெளிச் சேவையின் நிரலை வார்ப்புருவில் ஒட்டியிருந்தார்கள். 2010ஐ ஒட்டி அது கட்டணச் சேவையாக மாறியபோது அதில் தங்கிவிட்ட தொடக்க கால உரையாடல்கள் பதிவுகளிலிருந்து மறைந்தன. படங்களும் அவ்வாறே. அவற்றைச் சேமித்திருந்த வெளித்தளம் மூடப்பட்டால் இடுகையின் நடுவில் ஒரு வெற்றுக் கட்டமே எஞ்சும். பிளாகர் இடுகைகள் அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி 2008இல் வந்தது. அதைப் பயன்படுத்தியவர்களிடம் எழுத்தேனும் தங்கியது.

2009 அக்டோபர் 26 அன்று யாகூ ஜியோசிட்டீஸை மூடியது. மூடுவதற்கு முன் ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு முடிந்தவரை பக்கங்களைப் படியெடுத்தது. அவற்றில் தமிழ்ப் பக்கங்களும் உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அத்தகைய ஒன்றைத் திறந்தால் மின்னும் விண்மீன்கள் இருக்கும், பின்னணி நிறம் இருக்கும். தமிழ் மட்டும் டிஸ்கி குறியாக்கத்தில் இருப்பதால் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தெரியும். அந்த வரிகளை வெட்டிப் பொங்குதமிழ் போன்ற எழுத்துமாற்றியில் ஒட்டினால் தமிழ் திரும்பி வருகிறது.