வால்பாறை மலைச்சாலையும் பின்புறம் உயர்த்திய ஜீப்பும்

ஜீப்பின் பின் அச்சைத் தாங்கும் வில் பட்டைகளை மாற்றியமைத்து வண்டியின் பின்புறத்தை உயர்த்துவதும், அப்படிக் கிடைத்த இடத்தில் பெரிய டயரை மாட்டுவதும் ஜீப் ஓடும் ஊர்களில் பழகிய பட்டறை வேலை. இது ஏன் தோன்றியது, இதற்கு வண்டி என்ன விலை கொடுத்தது என்பதைப் பார்க்க, கோவை மாவட்டத்தின் தென்கோடியில் ஆனைமலைத் தொடரில் உள்ள வால்பாறைச் சாலை பொருத்தமான இடம்.

சாலை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கி.மீ. ஆழியாறு அடிவாரத்தைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒன்பதாவது வளைவில் உள்ள காட்சிமுனை, சாலை அமைத்த பொறியாளர் லோம் பெயரால் அழைக்கப்படுகிறது. 1890-களில் கார்வர் மார்ஷ் உள்ளிட்ட ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இங்கே காடழித்துத் தோட்டம் போட்ட பின்புதான் இத்தகைய சாலைக்குத் தேவை எழுந்தது.

கொங்கு நாட்டுக்கு மோட்டார் வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கினார். 1931-இல் பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய பேருந்து நிறுவனம் ஆனைமலையின் பெயரையே தாங்கியது. ஆனால் பேருந்து பெருஞ்சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து தேயிலைக் காடுகளுக்கும் லைன் வீடுகளுக்கும் பிரியும் வழிகள் கல்லும் சேறுமானவை. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் அவற்றில் சாதாரணக் கார் ஏறாது. அந்த இடத்தை நிரப்பியது ஜீப்.

ஜீப்பும் அதன் வில்லும்

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப், போர் முடிந்த 1945-இல் பொதுமக்களுக்கான வடிவம் பெற்றது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம் 1947 முதல் அதை உதிரிகளாக இறக்கி பம்பாயில் பூட்டி விற்றது. பிறகு வந்த உயர்ந்த பானெட் கொண்ட சிஜே3பி, அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன பின்னும் இந்தியாவில் பல்லாண்டு உருவாக்கப்பட்டது. நம்மில் பெரும்பாலோர் மனத்தில் 'ஜீப்' என்றதும் எழும் உருவம் அதுதான்.

அதன் நான்கு சக்கரங்களும் பட்டை வில்களின் மேல் நிற்கின்றன. இது நமக்குப் புதிய பொருள் அல்ல. வில்வண்டி என்ற பெயரே மாட்டுவண்டியில் இந்த வில்லை வைத்ததால் வந்தது. நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் அச்சோடு யு போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். பின் வில்லின் ஒரு முனை சட்டத்தில் நிலையாகவும், மறுமுனை ஷேக்கிள் எனும் ஆடும் இணைப்பிலும் பிடிக்கப்பட்டிருக்கும்.

ஆட்களும் மூட்டைகளும் ஏறுவது பின்புறத்தில். எனவே முதலில் தளர்வது பின் வில்தான். தளர்ந்த வில்லோடு குழியில் விழுந்தால் டயர் மட்கார்டில் உரசும். பெரிய டயர் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்குப் பட்டறையில் மூன்று வழிகள் உண்டு. கூடுதல் பட்டை சேர்ப்பது முதல் வழி. இதில் வண்டி நிமிரும், வெறும் வண்டியாக ஓடும்போது உள்ளே இருப்பவர் இடுப்பு ஒடியும். ஷேக்கிளை நீட்டுவது மலிவானது. இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரும், ஆனால் அச்சு சற்றே சுழன்று, டிஃபரன்ஷியலின் மூக்கு மேல்நோக்கித் திரும்பி, புரொப்பெல்லர் ஷாஃப்டின் இணைப்புகள் சீக்கிரம் தேயும். மூன்றாவது வழி, அச்சுக்குக் கீழே இருக்கும் வில்லை எடுத்து அச்சுக்கு மேலே வைப்பது. இதில் வண்டி 5 அங்குலம் வரை உயரும். அச்சில் வில் அமரும் இருக்கைகளை வேறிடத்தில் பற்றவைக்க வேண்டும், பிரேக் குழாய்களை நீளமாக்க வேண்டும்.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் தரையிலிருந்து ஒரு நூல் கூட எழும்பாது. பாறையில் இடிக்கும் பகுதி அது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 28 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குலம் போட்டால் கிடைப்பது ஒன்றரை அங்குலம். வில்லை உயர்த்துவது அந்த டயருக்கு இடம் தருவதற்காக மட்டும்.

விலை

பெரிய டயர் கியர் கணக்கை மாற்றுகிறது. சிஜே3பி-யின் அச்சு விகிதம் 5.38. 31 அங்குல டயரில் அது 4.86 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் இழுவை பத்தில் ஒரு பங்கு குறையும், அதே டிரம் பிரேக்கின் பிடியும் அதே அளவு குறையும். வேகமானி 40 காட்டும்போது வண்டி 44-இல் போகும். பெரிய டயரைப் பின்னால் மட்டும் மாட்டியவர்கள் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று உடையும்.

பின்புறத்தை மட்டும் உயர்த்துவதில் இதைவிடப் பெரிய ஆபத்து ஸ்டியரிங்கில் இருக்கிறது. சைக்கிளின் முன் கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் போல ஜீப்பின் முன் சக்கரத் திருகு அச்சும் 3 பாகை சாய்ந்திருக்கும். இது காஸ்டர் கோணம். வளைந்த சக்கரம் தானாக நேராவது இதனால்தான். 80 அங்குலச் சக்கர இடைவெளியுள்ள வண்டியின் பின்புறத்தை 2 அங்குலம் தூக்கினால் வண்டி முழுதும் சுமார் 1.4 பாகை முன்னோக்கிச் சாயும். காஸ்டரில் ஏறக்குறைய பாதி போய்விடும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங்கைத் தளர்த்தி அது திரும்பிவரக் காத்திருக்கும் ஓட்டுநருக்கு, அது திரும்பாது. இடது வலது சக்கரங்களுக்கு இடையே சுமார் 48 அங்குலமே உள்ள ஜீப்பில் உயரம் ஏற ஏறக் கவிழும் வாய்ப்பும் கூடும். இறக்கத்தில் பாரம் முன்னால் சாய, லேசான பின் சக்கரங்கள் எளிதில் பூட்டிக்கொள்ளும். பின்னால் எதிரெதிர் இருக்கையில் முழங்கால் இடித்து அமர்ந்து வருபவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரிவதில்லை.

சட்டம்

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மாற்றங்களைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஒப்புதல் பெறச் சொன்னது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு 2000-இல் திருத்தப்பட்டு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணான மாற்றங்களைத் தடுத்தது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்றது.

2020-இல் வந்த புதிய தார், பின்புறம் பட்டை வில்லைக் கைவிட்டுச் சுருள் வில்லுக்கு மாறியது. அதன் 255/65 ஆர்18 டயரின் விட்டம் கிட்டத்தட்ட 31 அங்குலம். பட்டறைக்காரர்கள் பற்றவைத்தும் நீட்டியும் அடைய முயன்ற அளவு, ஸ்டியரிங்கும் பிரேக்கும் அதற்கேற்ப அமைக்கப்பட்டு, தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. பழைய ஜீப் வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. தளர்ந்த பின் வில்லைக் கழற்றி, தயாரிப்பாளர் குறித்த அதே எண்ணிக்கைப் பட்டைகளோடு புதியதைப் போடலாம். அது மாற்றம் அல்ல, பழுதுநீக்கம். உயர்த்தக் கேட்டு வரும் பல வண்டிகளுக்கு உண்மையில் தேவைப்படுவதும் இதுதான்.