வேலவன் குன்றும் சத்தியவேடும்: வடக்கெல்லைச் செய்தி வரலாற்றில் ஒரு விடுபடல்

வடக்கெல்லைப் போராட்டத்தை எழுதுவோர் பெரும்பாலும் திருத்தணியில் தொடங்கித் திருத்தணியிலேயே முடிக்கிறார்கள். எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதே நாளில், அதே சட்டத்தின்படி, செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்ட ஊர்கள் ஆந்திரத்துக்குப் போய், சித்தூர் மாவட்டத்தின் சத்தியவேடு வட்டமாயின. வந்ததைப் பற்றி நூல்கள் உண்டு. போனதற்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். இந்த மறதிக்கு அரசியல் மட்டும் காரணமன்று. எந்த ஊரின் குறையை யார் அச்சேற்றினார்கள் என்ற இதழியல் வரலாறும் அதற்குள் இருக்கிறது.

1950களின் தொடக்கத்தில் தமிழுக்கும் தெலுங்குக்கும் செய்தித் தலைநகரம் சென்னைதான். காசிநாதுனி நாகேசுவரராவ் பம்பாயில் 1908இல் வார இதழாகத் தொடங்கிய ‘ஆந்திர பத்திரிகா’, 1914 முதல் சென்னையிலிருந்து நாளிதழாக வெளிவந்தது. 1938இல் வந்த ‘ஆந்திர பிரபா’வும் ‘தினமணி’யும் ராம்நாத் கோயங்காவின் குழுமத்தைச் சேர்ந்தவை. இரு மொழி வாசகரையும் நம்பியிருந்த நிறுவனம் எல்லைத் தகராறில் ஒரு பக்கம் சாய்ந்து முழங்குவது எளிதன்று. கட்சி ஏடுகளுக்கு வேறு சங்கடம். அண்ணா 1942இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய ‘திராவிட நாடு’ முன்வைத்த நாட்டில் தெலுங்கரும் அடக்கம். அந்த நாட்டுக்குள் தமிழருக்கும் தெலுங்கருக்கும் எல்லைச் சண்டை என்பது அதன் கொள்கைக்கே இடைஞ்சல். காங்கிரசோ அகில இந்தியக் கட்சி. ஆகவே எல்லைச் செய்தி ஒரு தனிமனிதரின் ஏட்டைத் தேடிப் போனதில் வியப்பில்லை.

அந்தத் தனிமனிதர் ம.பொ.சிவஞானம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவர்; வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழ் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்தவர். அந்த வேலையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். தமிழில் உயிர்மெய்கள், துணைக்குறிகள் என அறைகள் நிறைந்த எழுத்துப் பெட்டியின் முன் மணிக்கணக்கில் நின்று, ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பொறுக்கி, தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும் வரிகளை வாசித்து அடுக்க வேண்டும். பிறர் எழுதிய தலையங்கங்களை இப்படிக் கையால் கோத்தே பொதுவாழ்வைப் படித்தவர் அவர். ஒரு தலையங்கத்துக்கு எத்தனை அங்குல இடம் வேண்டும், எந்தச் சொல் தலைப்பில் நிற்கும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். 1946இல் தமிழரசுக் கழகத்தையும் ‘தமிழ் முரசு’ இதழையும் தொடங்கி, 1950இல் ‘செங்கோல்’ வார இதழுக்கு வந்தபோது, நடப்பு அரசியல், பிற பத்திரிகைகள் மீதான விமரிசனம், கழகச் செய்தி மூன்றையும் ஒரே பேனா தாங்கி நடத்த அந்தப் பயிற்சி உதவியிருக்க வேண்டும்.

1952 டிசம்பர் 15 அன்று, தனி ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு இறந்தார். நான்கு நாளில் ஆந்திர மாநில அறிவிப்பு வந்தது. சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வி மற்றெல்லாவற்றையும் விழுங்கியது. 1953 மார்ச்சில் நேருவின் அறிவிப்பு தலைநகரைத் தமிழருக்கு உறுதிசெய்தது. அதன்பின் போராட்ட வேகம் வடக்கெல்லைப் பக்கம் திரும்பியது; அவ்வாண்டே ம.பொ.சி. சிறை சென்றார்.

ஏடு மட்டும் எல்லையை மீட்கவில்லை. திருத்தணி வட்டாரத்தில் மங்கலங்கிழார் ஊர் ஊராகத் தமிழ் வகுப்பு நடத்தி ஒரு வாசகக் கூட்டத்தை முன்னரே உருவாக்கியிருந்தார். வழக்கறிஞர் கே.விநாயகம் போன்ற உள்ளூர்த் தலைவர்கள் இருந்தார்கள். வகுப்பில் படித்தவர் இதழ் வாங்குவார், கூட்டம் கூட்டுவார், ஊர்ச் செய்தியை எழுதி அனுப்புவார். இந்தச் சங்கிலியை நம் போராட்ட வரலாறுகள் போதிய அளவு பாராட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

சத்தியவேட்டுப் பக்கம் இப்படியொரு சங்கிலி உருவாகக் காரணமே எழவில்லை. அது அப்போது சென்னை மாநிலத்துக்குள் இருந்தது. கையில் இருப்பதைக் கேட்டு யாரும் போராடுவதில்லை. இன்னொன்றும் உண்டு. ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்ற முழக்கம் தொல்காப்பியப் பாயிரம் காட்டிய எல்லைமலையிலிருந்து வலிமை பெற்றது. திருப்பதி கிடைக்காது என்றானபோது முருகனின் தணிகை அந்த இடத்துக்கு வந்தது. சத்தியவேடும் வேங்கடத்துக்குத் தெற்கில்தான் இருக்கிறது. ஆனால் முழக்கமாக்கப் பாடல் பெற்ற குன்று அதனிடம் இல்லை. மலைப்பெயரை மையமாக வைத்த இதழியலில் வயலும் ஏரியுமான ஊர்கள் விடுபட்டன. ம.பொ.சி.யின் உழைப்பை மதிக்கிற நான் இதைக் குறையாகவே பார்க்கிறேன்.

எல்லைத் தகராறைத் தீர்க்க நடுவராக அமர்த்தப்பட்ட எச்.வி.படாஸ்கரின் அணுகுமுறை முழக்கத்தைப் பார்க்கவில்லை. கிராமமே அலகு, மொழிப் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி ஆகியவையே அளவுகோல். திருத்தணியை மீட்டுத் தந்த அதே கணக்கு, தெலுங்கு பேசுவோர் மிகுந்தவை என்று செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 150 ஊர்களை ஆந்திரத்துக்குக் கொடுத்தது. அந்த ஊர்களில் எஞ்சிய தமிழ்க் குடும்பங்கள் ஒரே இரவில் மொழிச் சிறுபான்மையினர் ஆயின. 1959இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் இரு மாநில வெற்றியாகவே பேசப்பட்டது.

நிர்வாகம் மாறினால் செய்தியும் வழி மாறும். விசாகப்பட்டினத்தில் 1974இல் தோன்றிய ‘ஈநாடு’, 1989 முதல் மாவட்டந்தோறும் தனி இணைப்பு வெளியிட்டது. ஒரு மண்டலத்தின் சாலைக் குழியும் பள்ளிக் கூரையும் அச்சேறும் காலம் தெலுங்கில் பிறந்தது. சத்தியவேட்டுத் தெலுங்கு வாசகருக்கு ஊர்ச் செய்தி வீட்டுக்கே வந்தது. தமிழ் மட்டும் படிப்பவருக்குக் கிடைத்தது சென்னைச் செய்தியும் திருவள்ளூர் மாவட்டச் செய்தியும். தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டை சில கல் தொலைவில் இருந்தும், மாநில எல்லையோடு நிருபரின் எல்லையும் முடிந்தது. 1996க்குப் பின் சென்னை நாளிதழ்களில் இந்த வட்டாரம் தலைகாட்டுவது சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரும் கண்டலேறு–பூண்டிக் கால்வாயால். கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை அருகே மாநில எல்லையிலுள்ள ஜீரோ பாயிண்டை அடைந்தது, இத்தனை கன அடி என்று செய்தி வரும். அந்த நீர் கடந்துவந்த ஊர்களின் பேச்சு வராது. 2008இல் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் திறக்கப்பட்டபின் முதலீட்டுச் செய்தி சேர்ந்தது. 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் சத்தியவேடு வந்தது. 1960க்குப் பின் இன்னொரு மாவட்ட மாற்றம்.

அடுத்துச் செய்ய வேண்டிய வேலை தெளிவானது. 1957 முதல் 1960 வரை சென்னை நாளிதழ்களும் ‘செங்கோலும்’ வெளியிட்ட பொன்னேரி, திருவள்ளூர் வட்டத் துணுக்குகளை ஊர்ப்பெயர் வாரியாகத் தொகுக்க வேண்டும். அவற்றைத் தெலுங்கு ஏடுகளோடு ஒப்பிட வேண்டும். சத்தியவேடு, நாகலாபுரம் ஊர்களின் முதியோரிடம் வாய்மொழிப் பதிவு எடுக்க வேண்டும். மாற்றம் நடந்த ஆண்டில் ஆரம்பப் பள்ளியில் இருந்தவர்கள் இப்போது எழுபதைக் கடந்துவிட்டார்கள். எனவே நூலகத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் போக வேண்டும்.