மாட்டுப் புண்ணும் மஞ்சள் வழக்கும்

துறைமுகச் சரக்கு ஏற்றிய மாட்டு வண்டிகள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போன காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நுகத்தடி அழுத்தி மாட்டின் கழுத்தில் புண் வரும். வண்டிக்காரர்கள் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள். ஈ அண்டாது, புண்ணும் ஆறிவிடும். அதை யாரும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை.

மேல்நாட்டில் கிருமிநாசினியைச் சோதித்து, எழுதியும் வைத்தவர் ஜோசப் லிஸ்டர். 1865-இல் கிளாஸ்கோவில், கால் எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் இட்டுச் சீழ் பிடிக்காமல் காத்தார். பிறகு அந்த அமிலத்தில் பதப்படுத்திய தையல் நரம்பால் ஒரு கன்றுக்குட்டியின் ரத்தக் குழாயைக் கட்டிப் பார்த்தார். ஆனால் கார்பாலிக் அமிலம் தோலையும் பொசுக்கும். கிருமியைக் கொல்வது வேறு, புண்ணை ஆற்றுவது வேறு. ஒரு மருந்தை இரண்டுக்கும் சோதித்துத்தான் ஆகவேண்டும்.

நம் மஞ்சளுக்கு வந்த சோதனையோ வேறு மாதிரி. புண் ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறைக்கு, 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கிவிட்டது. எண் 5,401,504. மஷேல்கர் தலைமையில் இருந்த நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 1996-இல் அதை எதிர்த்தது. "எங்கள் பாட்டி காலத்திலிருந்து போடுகிறோம்" என்ற பேச்சு அந்த நாட்டின் அன்றைய சட்டத்தில் எடுபடவில்லை. அப்போது வேறு நாட்டில் வழக்கத்தில் இருந்தது மட்டும் போதவில்லை, எழுத்தில் இருக்க வேண்டியிருந்தது. பழைய சமஸ்கிருத நூல்கள், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை என 32 ஆதாரங்களைக் கொடுத்தார்கள். 1997-இல் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பானது.

பிறகு, அதே கழகத்தைச் சேர்ந்த அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், மஞ்சளிலுள்ள குர்குமினை எலிகளின் காயத்தில் இட்டுப் பார்த்தார்கள். 2004-லும் 2006-லும் முடிவுகள் வெளியாயின. குர்குமின் இட்ட காயங்கள், இடாதவற்றைவிட வேகமாக ஆறின. புதுத் தசைக்குச் சட்டமாக நிற்கும் கொலாஜனும் கூடியிருந்தது.

வண்டிக்காரர் கண்ணால் கண்டதைத்தான் ஆய்வுக்கூடம் அளந்து சொன்னது. ஆனால் வழக்கில் நம்மைக் காப்பாற்றியது என்றோ யாரோ எழுதி வைத்த காகிதம். இன்று தேசிய பால்வள வாரியம் மாட்டுப் புண்ணுக்குக் குப்பைமேனி, பூண்டு, வேப்பிலை, மஞ்சள், மருதாணி, துளசி சேர்த்து எண்ணெய் காய்ச்சும் பக்குவத்தை அளவோடு அச்சிட்டுக் கொடுக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன பக்குவங்கள் ஏதாவது இருந்தால், நீங்களும் ஒரு நோட்டில் அளவோடு எழுதி வையுங்கள்.